வெள்ளாட்டின் போக்கில் மாற்றம்: எது இயல்பு, எது நோய்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விருதுநகர் மாவட்டத்தின் கரிசல் காட்டில் கன்னி என்னும் இனத்து வெள்ளாடுகள் இருபத்து சொச்சத்தை வைத்துப் பிழைக்கிறோம். 2011இல் தமிழக அரசு ஏழைப் பெண்களுக்கு நான்கு ஆடுகள் வீதம் விலையில்லாமல் கொடுக்கத் தொடங்கிய பிறகு, அதுவரை ஆட்டுக் கயிற்றையே பிடித்திராத பலர் எங்கள் பக்கத்தில் ஆடு வளர்க்க வந்தார்கள். “அக்கா, ஆடு ஒரு மாதிரி நிற்கிறது, கொஞ்சம் வந்து பாருங்கள்” என்று அன்றிலிருந்து யாராவது கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கான பதில்கள் இவை. நான் மருத்துவர் இல்லை. மருத்துவரை எப்போது கூப்பிட வேண்டும் என்பதைக் காலதாமதம் இல்லாமல் கண்டுகொள்ளப் பழகியவள், அவ்வளவுதான்.

ஆட்டுக்கு உடம்பு சரியில்லை என்பதை முதலில் எதை வைத்துத் தெரிந்துகொள்வது?

அது மந்தையில் எங்கே நிற்கிறது என்பதை வைத்து.

காய்ச்சல், கழிச்சல், மூக்கொழுகல் எல்லாம் பிறகு வருபவை. நரிக்கும் நாய்க்கும் பயந்து வாழ்ந்த பிராணி ஆடு. தன் பலவீனத்தை முடிந்தவரை வெளியே காட்டாது. அது படுத்துவிட்டது என்றால் நோய் வந்து சில நாள்கள் ஆகிவிட்டன என்று பொருள். ஆனால் மந்தைக்குள் அதற்கென்று இருக்கும் இடத்தை அதனால் மறைக்க முடியாது. எந்த ஆடு முதலில் கொட்டில் வாசலின் படலைத் தாண்டும், எது அகத்திக் கட்டைப் பார்த்ததும் முட்டிக்கொண்டு வரும், எது எப்போதும் ஓரமாகவே மேயும் என்பதெல்லாம் ஒவ்வொரு மந்தையிலும் தினமும் ஒரே மாதிரி நடக்கும்.

எங்களிடம் செவலை என்று ஒரு செங்கன்னி, அதாவது செந்நிறம் கலந்த கன்னி ஆடு, இருந்தது. படலைத் திறந்தால் என் இடுப்பை இடித்துத் தள்ளிக்கொண்டு முதல் ஆளாக வெளியே வரும். ஓர் ஐப்பசி மாலையில் அது கடைசிக்கு மூன்றாவதாக வந்தது. தீனி தின்றது, அசை போட்டது, புழுக்கையும் ஒழுங்காகத்தான் இருந்தது. மழை ஈரத்தில் சோர்ந்திருக்கும் என்று நான் விட்டுவிட்டேன். என் மாமியார் மட்டும் திண்ணையில் உட்கார்ந்தபடி, “அவள் ஏன் இன்றைக்குப் பின்னால் வருகிறாள்?” என்று கேட்டார். மறுநாள் வெளிச்சத்தில் அதன் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன். சிவப்பாக இருக்க வேண்டிய உள்பக்கம் வெள்ளைத் துணிபோல வெளுத்துக் கிடந்தது. வயிற்றில் புழு. இன்னும் நான்கைந்து நாள் பார்க்காமல் விட்டிருந்தால் செவலை பிழைத்திருக்காது.

தினமும் எப்போது, எதைப் பார்க்க வேண்டும்?

காலையில் படலைத் திறப்பதற்கு முன் பத்து நிமிடம் சும்மா நின்று பாருங்கள். கையில் தீவனம் இருக்கக் கூடாது. தீவனத்தைக் கண்டால் நோயாளி ஆடும் எழுந்து நின்றுவிடும். பாதி ஆடுகளாவது படுத்தபடி அசை போட்டுக்கொண்டிருக்க வேண்டும். எழுப்பினால், உடம்பு நன்றாக இருக்கும் ஆடு முன்கால்களை நீட்டிச் சோம்பல் முறிக்கும். குட்டிகளிடம் இது இன்னும் தெளிவாகத் தெரியும். சோம்பல் முறிக்காமல், முதுகைக் கூனிக்கொண்டு, மயிர் சிலிர்த்து நிற்கும் குட்டியை அன்றைக்கே கையில் எடுத்துப் பார்த்துவிட வேண்டும்.

ஆடு இரவு படுத்த இடத்தைப் பாருங்கள். புழுக்கை தனித்தனி உருண்டையாக இருந்தால் நல்லது. ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாக இருந்தால் செரிமானத்தில் ஏதோ கோளாறு தொடங்குகிறது. மழைக்குப் பின் புதுப்புல் தின்ற இரண்டொரு நாள் இளகிப் போவது இயல்பு. சளியோ இரத்தமோ கலந்திருப்பது இயல்பு இல்லை.

மாலையில் மேய்ந்து திரும்பும்போது ஆட்டின் பின்னால் நின்று இடது வயிற்றைப் பாருங்கள். விலா எலும்புக்குப் பின்னால் இருக்கும் பள்ளம் நிரம்பியிருக்க வேண்டும். நாள் முழுக்க மேய்ந்தும் பள்ளம் பள்ளமாகவே இருந்தால், அந்த ஆடு மேயவில்லை, தலையைக் குனிந்துகொண்டு மற்ற ஆடுகளோடு நடந்து மட்டும் வந்திருக்கிறது.

காய்ச்சல் இருக்கிறதா என்று காதைத் தொட்டுப் பார்த்தால் போதாதா?

போதாது. வெயிலில் நின்ற ஆட்டின் காது சுடும். மார்கழிக் காலையில் கடும் காய்ச்சல் உள்ள ஆட்டின் காதுகூட ஜில்லென்று இருக்கும். மருந்துக் கடையில் மனிதர்களுக்கு விற்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்றை ஆட்டுக்கென்றே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முனையில் தேங்காய் எண்ணெய் தடவி, ஆசனவாயில் மெதுவாகச் செலுத்தி, உள்சுவரில் படும்படி லேசாகச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். சாணத்துக்குள் குத்தி நின்றால் கணக்கு தவறும். மறுமுனையில் ஒரு நூலைக் கட்டி வைத்தால் உள்ளே போய்விடாது.

வெள்ளாட்டுக்கு 101.5 முதல் 103.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இயல்பு. நம் உடம்புக் கணக்கை வைத்துக்கொண்டு 102ஐப் பார்த்துப் பதற வேண்டாம். பகல் வெயிலில் 104 காட்டினால், நிழலில் அரை மணி நேரம் கட்டிவைத்து மறுபடி பாருங்கள். அப்போதும் இறங்காவிட்டால் காய்ச்சல்தான். 101க்குக் கீழே இறங்கினால் எனக்கு அதைவிடப் பயம் அதிகம். உடல் சில்லிட்டுச் சோர்ந்து கிடக்கும் ஆடு மிகவும் ஆபத்தான நிலையில் இருக்கிறது.

மூச்சை விலா ஏறி இறங்குவதை வைத்து எண்ணலாம். ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 15 முதல் 30. இடது வயிற்றுப் பள்ளத்தில் முஷ்டியை அழுத்தி வைத்துக் காத்திருந்தால், உள்ளே பெரிய வயிறு புரள்வது கையில் தெரியும். நிமிடத்துக்கு ஒன்றிரண்டு முறை புரள வேண்டும். இரண்டு மூன்று நிமிடம் வைத்திருந்தும் ஒன்றுமே தெரியவில்லை என்றால் வயிறு வேலையை நிறுத்திவிட்டது என்று பொருள். நல்ல ஆடுகளிடம் பத்துப் பதினைந்து முறை பழகிப் பார்த்த கைக்குத்தான் இந்த வித்தியாசம் பிடிபடும்.

இரவெல்லாம் ஆடு கத்துகிறது, தீனி எடுக்கவில்லை. நோயா?

பெட்டையாக இருந்தால் முதலில் பருவத்துக்கு வந்திருக்கிறதா என்று பாருங்கள். வாலை விடாமல் ஆட்டும், மற்ற ஆடுகள் மேல் ஏறும், பின்பக்கம் லேசாகச் சிவந்து கசியும், அடிக்கடி சிறுநீர் கழிக்கும். ஒன்றிரண்டு நாளில் அடங்கிவிடும். கிடா சேராவிட்டால் ஏறத்தாழ 21 நாள் கழித்து மறுபடி வரும். நாளைக் குறித்து வைத்தால் அடுத்த முறை பதற வேண்டியதில்லை.

கிடாவைப் பற்றியும் புதிதாக வளர்ப்பவர்கள் மிரண்டுபோய்க் கேட்பதுண்டு. தன் சிறுநீரைத் தன் முகத்திலும் தாடியிலும் பீய்ச்சிக்கொள்வது, மேலுதட்டைச் சுருட்டி வானத்தைப் பார்ப்பது, சகிக்க முடியாத வாடை எல்லாமே கிடாவுக்கு இயல்புதான்.

சினை ஆடு ஐந்து மாதம் நெருங்கும்போது, அதாவது 150 நாள் கணக்கில், மந்தையை விட்டு ஒதுங்கும், காலால் தரையைச் சுரண்டும், எழுந்து எழுந்து படுக்கும், தன் வயிற்றைத் திரும்பிப் பார்க்கும். இது ஈற்றுக்கான அறிகுறி. ஆனால் பலமாக முக்கத் தொடங்கி அரை மணி நேரம் ஆகியும் குட்டியின் காலோ மூக்கோ தெரியவில்லை என்றால் மருத்துவரைக் கூப்பிடுங்கள். ஈன்ற பிறகு நஞ்சுக்கொடி பன்னிரண்டு மணி நேரத்துக்குள் விழுந்துவிட வேண்டும். தொங்குகிறதே என்று கையால் இழுக்கவே கூடாது.

ஈற்றுக்கு மூன்று நான்கு வாரம் இருக்கும்போதே இரட்டைக் குட்டி சுமக்கும் ஆடு தீனியை விட்டு, மந்தமாகி, கண் தெரியாததுபோல் சுவரோரம் தலையைச் சாய்த்து நின்றால் அது ஈற்று வலி இல்லை. குட்டிகள் இழுக்கும் சத்துக்குத் தீனி ஈடுகொடுக்காமல் தாயின் உடம்பே கரைகிறது. அன்றைக்கே சிகிச்சை வேண்டும்.

வயிறு ஊதிக்கொண்டு நிற்கிறது. என்ன செய்வது?

என்ன தின்றது என்று முதலில் விசாரியுங்கள். ஊதிய வயிறு ஒரே மாதிரி தெரிந்தாலும் காரணம் இரண்டு. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

ஈரத்தோடு இளம் பயறுக்கொடி, கடலைக்கொடி, குதிரைமசால் போன்றவற்றை வெறும் வயிற்றில் ஏகமாகத் தின்றிருந்தால் அது உப்புசம். இடது பக்கம் மேடாகி, தட்டினால் தவில்போல் ஒலிக்கும். ஆடு கால்களை அகட்டி நிற்கும், பல்லை நறநறவென்று கடிக்கும், மூச்சுத் திணறும். பெரிய ஆட்டுக்கு 50 முதல் 100 மில்லி கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ, ஆட்டை நிற்க வைத்து, தலையை அதிகம் தூக்காமல், கடைவாய் வழியாகச் சிறிது சிறிதாகப் புகட்டலாம். அவசரப்பட்டு ஊற்றினால் புரை ஏறி நுரையீரலுக்குப் போய்விடும். உப்புசத்தில் பிழைத்திருக்க வேண்டிய ஆடு எண்ணெய் நுரையீரலுக்குப் போனதால் இறந்ததை நான் பார்த்திருக்கிறேன். பிறகு முன்கால்களை ஒரு மேட்டில் ஏற்றி நிறுத்தி, இடது வயிற்றைத் தேய்த்துவிடுங்கள். அரை மணியில் குறையவில்லை என்றால், அல்லது நாக்கு நீலம் பாரித்தால், அதற்கு மேல் வீட்டு வைத்தியம் வேண்டாம். மணிக்கணக்கில் உயிர் போய்விடும் நோய் இது.

இன்னொன்று சோற்றால் வருவது. கல்யாண வீட்டு மிச்சம், பொங்கலன்று மீந்த சோறு, கோயில் அன்னதானத்தில் மிஞ்சியது, இட்லி மாவு, காயப்போட்ட நெல்லும் மக்காச்சோளமும் என எதைக் கண்டாலும் ஆடு மூச்சுவிடாமல் தின்னும். பாசத்தோடு போடுபவர்களுக்கு அது விஷமாகும் என்று தோன்றுவதே இல்லை. மாவுச்சத்து உள்ளே புளித்து அமிலமாகிறது. வயிறு கட்டியாகவோ தண்ணீர்ப் பைபோலவோ இருக்கும், அசை நிற்கும், புளித்த வாடையோடு கழியும், கால் தள்ளாடும். தின்று முடித்த உடனே தெரிந்துவிட்டால், 15 முதல் 20 கிராம் சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்துப் புகட்டிவிட்டு மருத்துவரிடம் ஓடுங்கள். தானியமோ சோறோ மேலும் கொடுக்காமல் காய்ந்த சோளத்தட்டை மட்டும் போடுங்கள். ஆடு நன்றாக நடமாடுகிறதே என்று மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம். அமில நோய் தின்று பல மணி நேரம் கழித்துத்தான் முற்றும்.

எங்கள் ஊரில் விசேஷ வீடுகளில் இப்போது நானே போய்ச் சொல்லிவிடுகிறேன்: மிஞ்சிய சோற்றை வேறு எங்காவது கொடுங்கள், ஆட்டுக்கு மட்டும் வேண்டாம்.

கண்ணிமையைப் பார்த்துப் புழு இருப்பதை எப்படிச் சொல்கிறார்கள்?

மழைக்காலத்தில் ஆட்டை அதிகம் கொல்வது நான்காம் இரைப்பையில் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கும் ஒரு வகை உருண்டைப் புழு. ஆயிரக்கணக்கில் சேரும்போது, ஆடு தின்றுகொண்டே இரத்தமில்லாமல் செத்துப்போகும். இந்தப் புழுவால் கழிச்சல் வருவது குறைவு. அதனால்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள்.

ஆட்டை நல்ல பகல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, மேலிமையைப் பெருவிரலால் மெல்ல அழுத்தி, கீழிமையை இறக்கினால் உள்பக்கம் தெரியும். செக்கச்சிவப்பு என்றால் நல்ல நிலை. இளஞ்சிவப்பு என்றால் கவனம். வெளுப்பு என்றால் உடனே மருந்து. தென்னாப்பிரிக்காவில் ஆடு வளர்ப்பவர்களுக்காக இதையே ஐந்து நிறங்களாகப் பிரித்து ஓர் அட்டையாக அச்சிட்டு, உலகம் முழுக்கப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அட்டை இல்லாவிட்டாலும், தன் மந்தையில் நல்ல ஆடுகளின் இமை நிறத்தைப் பார்த்துப் பழகியவருக்கு வெளுப்பு பளிச்சென்று தெரியும்.

இன்னோர் அடையாளம் தாடைக்குக் கீழே பை தொங்குவதுபோல் வரும் வீக்கம். தலை குனிந்து மேய்ந்துவிட்டு மாலையில் திரும்பும்போது பெரிதாக இருக்கும். இரவு தலை நிமிர்ந்து படுத்திருந்த பின் காலையில் குறைந்திருக்கும். காலையில் மட்டும் பார்ப்பவர், சரியாகிவிட்டது என்று நினைத்துவிடுவார். செவலைக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். நான் அந்த வாரம் முழுக்க அதன் தாடையைக் காலையில் மட்டும் பார்த்திருக்கிறேன்.

எல்லா ஆட்டுக்கும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒரே குடற்புழு மருந்தைக் கண் அளவில் ஊற்றிக்கொண்டே இருந்தால் புழு அந்த மருந்துக்குப் பழகிவிடும். எடை பார்த்து, புழுக்கையைக் கால்நடை மருந்தகத்தில் சோதித்து, எந்த மருந்து என்று கேட்டுக் கொடுங்கள். பனி காயும் முன் அதிகாலையில் மேய்க்க விடாதீர்கள். புழுக்குஞ்சுகள் ஈரப்புல்லின் நுனியில்தான் ஏறி நிற்கும்.

மூக்கிலும் கண்ணிலும் ஒழுகுகிறது, வாய் நாறுகிறது, கழிகிறது. சளிதானே?

மழையில் நனைந்த ஒரே ஓர் ஆட்டுக்கு, காய்ச்சல் இல்லாமல், தெளிந்த நீராக மூக்கொழுகினால் சளியாக இருக்கலாம். இரண்டு மூன்று ஆடுகளுக்குச் சேர்ந்தாற்போல் 104க்கு மேல் காய்ச்சல் வந்து, சளி கெட்டியாகி, ஈறிலும் உதட்டின் உள்ளேயும் தவிடு ஒட்டியதுபோல் புண் கண்டு, பிறகு கழிச்சலும் தொடங்கினால், ஆட்டுக்கொல்லி நோய் என்று நினைத்துக்கொண்டு நடவடிக்கை எடுங்கள். பெயருக்கு ஏற்ற நோய் அது. 2011இல் உலகை விட்டே ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்ட மாட்டு வெக்கை நோய்க் கிருமிக்கு நெருங்கிய உறவு. இந்தியாவில் முதன்முதலாக 1987இல் கண்டறியப்பட்டது நம் விழுப்புரம் பக்கத்து அரசூரில். அந்த ஊர்ப் பெயரையே தாங்கிய கிருமியிலிருந்து தடுப்பூசியும் இங்கேயே உருவானது. 2030க்குள் இதையும் உலகை விட்டு ஒழிப்பது என்று பன்னாட்டு அளவில் இலக்கு வைத்திருக்கிறார்கள்.

கிருமிக்கு நேரடி மருந்து இல்லை. கூடவே வரும் நுரையீரல் சளிக்கும் நீர் வறட்சிக்கும்தான் சிகிச்சை. நோய் கண்ட ஆட்டை அப்போதே பிரித்துக் கட்டுங்கள். ஒரே தொட்டியில் தண்ணீர் காட்டாதீர்கள். கால்நடை மருந்தகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். மூன்று மாதம் நிறைந்த குட்டிக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் மூன்று ஆண்டுகளாவது காக்கும். முகாம் போடும் நாளில் ஆட்டை மேய்ச்சலுக்கு ஓட்டிக்கொண்டு போய்விடுபவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது.

நன்றாக நின்ற ஆடு திடீரென்று விழுந்து துடிக்கிறது. யாராவது விஷம் வைத்துவிட்டார்களா?

மனிதர்கள் மேல் சந்தேகப்படுவதற்கு முன் மேய்ந்த இடத்தைப் போய்ப் பாருங்கள். கரிசல் காட்டில் அடிக்கடி நடப்பது சோளத் தளிரால் வரும் சாவு. வறட்சியில் வாடிய இளஞ்சோளத்திலும், அறுத்த கட்டையிலிருந்து ஒரு மழைக்குப் பின் கிளம்பும் தளிரிலும் சயனைடு நஞ்சு சேர்ந்திருக்கும். சேலம், நாமக்கல் பக்கத்தில் மரவள்ளி இலையாலும் இதே விபத்து நடக்கிறது. தின்ற சில நிமிடங்களில் மூச்சு வாங்கும், தள்ளாடும், விழும். வாயும் கண்ணிமையும் உள்ளே பளிச்சென்று சிவந்திருக்கும். இதற்கு முறிமருந்து ஊசி மருத்துவரிடம் இருக்கிறது. நேரம்தான் இருக்காது. ஆகவே பூக்காத சோளத்தட்டைக்குள் ஆட்டை விடாதீர்கள். வாடிய மரவள்ளித் தோட்டத்தின் வழியாகப் பசியோடு ஓட்டிப் போகாதீர்கள். அரளியும் உண்ணிச்செடியும்கூட ஆபத்துதான். உரத்துக்கு வைத்த யூரியா மூட்டையும் யூரியா கரைத்த வாளித் தண்ணீரும் ஆட்டுக்கு எட்டும் இடத்தில் இருக்கவே கூடாது.

மழைக்குப் பின் புதுப்புல் முளைத்த காலத்தில், மந்தையிலேயே கொழுத்த நல்ல குட்டியாகப் பார்த்துத் துள்ளி விழுந்து சாகிறதா? அது துள்ளுமாரி. குடலில் எப்போதும் இருக்கும் கிருமி, திடீர்ச் செழிப்புத் தீனியில் பெருகி நஞ்சைக் கக்குகிறது. மழைக்காலத்துக்கு முன் தடுப்பூசி போடுவதுதான் வழி.

செத்த ஆட்டின் மூக்கு, வாய், ஆசனவாயிலிருந்து உறையாத கருத்த இரத்தம் வடிந்தால் அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயாக இருக்கலாம். உடலை அறுக்காதீர்கள், தோலை உரிக்காதீர்கள், தொடவும் வேண்டாம். மருத்துவருக்குச் சொல்லி, அவர் காட்டும் முறைப்படி ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும். அறுத்துத் திறந்தால் காற்றுப்பட்ட கிருமி விதைபோல் மண்ணில் பல்லாண்டு உயிரோடு கிடக்கும். மனிதனுக்கும் வரும் நோய் அது.

ஒரே பக்கமாகச் சுற்றுகிறது. தலையை வானத்துக்குத் தூக்கிக்கொண்டே நிற்கிறது. இது என்ன?

மூளை அல்லது நரம்பு சம்பந்தப்பட்டது. வாரக்கணக்கில் மெல்ல மெல்ல ஒரு பக்கமாகச் சுற்றத் தொடங்கினால், நாயின் குடலில் வாழும் நாடாப்புழுவின் முட்டையைப் புல்லோடு தின்று, மூளையில் நீர்க்கட்டி வளர்ந்திருக்கலாம். ஆடு அறுக்கும் இடத்தில் தலையையும் மூளையையும் நாய்க்கு வீசும் பழக்கம்தான் இந்தச் சுழற்சியை ஓட்டிக்கொண்டிருக்கிறது. பட்டி நாய்க்கும் குடற்புழு மருந்து கொடுங்கள். காய்ச்சலோடு ஒரே நாளில் சுற்றத் தொடங்கி, ஒரு பக்கக் காதும் உதடும் தொங்கிப்போனால் அது கிருமித் தொற்று. தலையைப் பின்னுக்கு வளைத்து வானம் பார்ப்பது, கண் தெரியாமல் முட்டிக்கொள்வது ஆகியவை ‘பி1’ உயிர்ச்சத்துக் குறைவால் வரலாம். ஊசி போட்டால் அதே நாளில் தலை இறங்குவதைப் பார்க்கலாம். தாமதித்தால் பார்க்க முடியாது.

காயடித்த இடத்திலோ காயத்திலோ சீழ் வைத்து, ஓரிரு வாரத்தில் கால் நான்கும் விறைத்து, காது நிமிர்ந்து, வாய் திறக்க முடியாமல் நின்றால் ரணஜன்னி (டெட்டனஸ்).

குரல் கம்மி, விடாமல் கத்தி, எச்சில் வடித்து, முட்ட வரும் ஆட்டை நாய் கடித்திருக்குமோ என்று யோசியுங்கள். அந்த ஆட்டின் வாய்க்குள் கையை விட்டுத் தொண்டையில் முள் இருக்கிறதா என்று தேடுவதுதான் எல்லோரும் செய்யும் முதல் தவறு. வெறிநோய் எச்சிலில் இருக்கிறது. எச்சில் பட்டிருந்தால் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவி, அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். நாய் கடித்தது கண்ணுக்குத் தெரிந்த ஆட்டுக்கு அன்றே காயத்தைக் கழுவி, கடித்த நாள், பிறகு 3, 7, 14, 28ஆம் நாள்கள் எனத் தடுப்பூசி போட வேண்டும்.

கிடாக்குட்டி முக்கி முக்கி நிற்கிறது. மலச்சிக்கலுக்கு விளக்கெண்ணெய் கொடுக்கலாமா?

கொடுப்பதற்கு முன் ஒரு மணி நேரம் பக்கத்தில் இருந்து அது சிறுநீர் கழிக்கிறதா என்று பாருங்கள். ஆட்டுக்கு மலச்சிக்கல் அரிது. தானியத் தீவனம் ஏற்றி வளர்க்கும் கிடாக்களுக்கு, குறிப்பாகச் சின்ன வயதில் காயடித்தவற்றுக்கு, சிறுநீர்ப் பாதையில் கல் அடைப்பது சகஜம். முதுகைக் கூனி, வாலைத் துடிக்கவிட்டு, முனகும். சொட்டுச் சொட்டாக வரும், அல்லது வரவே வராது. குறியைச் சுற்றிய மயிரில் உப்புப்போல் படிந்திருப்பதும் ஓர் அடையாளம். இதற்கு அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். மறுநாள் சிறுநீர்ப்பை வெடித்துவிடலாம்.

நொண்டுகிறது, சொறிகிறது, மடி வீங்கியிருக்கிறது. இவற்றுக்கும் மருத்துவர் வேண்டுமா?

நொண்டும் காலைக் கழுவி, குளம்பின் நடுவே முள், கல், நாற்றம் எடுக்கும் அழுகல் இருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். நான்கைந்து ஆடுகள் ஒரே நேரத்தில் நொண்டி, வாயிலும் புண் இருந்தால் கோமாரி. அதற்குச் சொல்லி அனுப்புங்கள். சொறிந்துகொண்டே இருந்தால் மயிரைப் பிளந்து பேனும் உண்ணியும் தேடுங்கள். மடி ஒரு பக்கம் சூடாகி, பால் திரிந்தோ இரத்தம் கலந்தோ வந்தால் உடனே காட்டுங்கள். மடி நீலம் பாரித்துக் குளிர்ந்துவிட்டால் ஆட்டின் உயிரே போகும்.

பிறந்த குட்டியில் என்ன பார்க்க வேண்டும்?

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் எழுந்து சீம்பால் குடித்ததா என்று மட்டும் முதலில் பாருங்கள். வாய்க்குள் ஒரு விரலை விட்டால் சூடாக இருக்க வேண்டும், விரலை இழுத்துச் சப்ப வேண்டும். வாய் சில்லிட்டிருந்தால் முதலில் சாக்கிலும் வெயிலிலும் உடலைச் சூடாக்கிவிட்டு, பிறகுதான் பால்.

மாலை நேரத்தில் குட்டிகள் திண்ணையிலும் கல்லிலும் ஏறிக் குதிக்கும் அரை மணி நேரம் இருக்கிறதே, அதுதான் எனக்குக் குட்டிகளின் உடல்நலப் பரிசோதனை. அந்த ஆட்டத்தில் சேராத குட்டியைத் தூக்கி வாலுக்குக் கீழே பார்ப்பேன். ஒன்று முதல் நான்கு மாதக் குட்டிக்கு, ஈரமான கொட்டிலில் அடைபட்டிருந்தால், இரத்தக் கழிச்சல் வரும். கொடாப்புக்குள் (குட்டிகளை மூடி அடைக்கும் கூடைக்குள்) நெருக்கியடைத்து, நனைந்த தரையில் விட்ட குட்டிகளுக்கு இது அதிகம். சாம்பல் தூவித் தரையை உலர்த்தி, தண்ணீர்த் தொட்டியைப் புழுக்கை விழாத உயரத்தில் வையுங்கள். மண் தின்னும் குட்டிக்குத் தாது உப்புக் கட்டி ஒன்றைக் கொட்டிலில் தொங்கவிட்டால் பெரும்பாலும் நின்றுவிடும்.

சந்தையில் வாங்கிய ஆட்டை நேராக மந்தையில் விடலாமா?

எட்டயபுரம் சந்தையில் எவ்வளவு பார்த்துப் பார்த்து வாங்கினாலும் மூன்று வாரமாவது தனியாகக் கட்டி வைத்துத்தான் சேர்ப்பேன். அன்றைக்கு மூக்கு உலர்ந்து நிற்கும் ஆட்டுக்குள்ளும் ஆட்டுக்கொல்லி ஒரு வாரம் ஒளிந்திருக்க முடியும். தனியாக வைத்திருக்கும் ஆட்டுக்கு முன்னதாக நம் ஆடுகளுக்குத் தீனி வைத்துவிடுங்கள். அங்கே போய்விட்டு அதே காலோடு இங்கே வராதீர்கள்.

சூடு போட்டால் சரியாகும் என்கிறார்களே?

பழுத்த இரும்பு எந்த நோயையும் தீர்த்து நான் பார்த்ததில்லை. ஏற்கெனவே வலியில் இருக்கும் வாயில்லா ஜீவனுக்கு இன்னொரு புண்ணைக் கொடுப்பதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன். புண்ணில் வேப்பெண்ணெய் தடவி ஈயை விரட்டுவது, காய்ச்சல்காரனுக்கு நிழலும் தண்ணீரும் கொடுப்பது, கழியும் குட்டிக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் புகட்டுவது போன்றவை நல்ல வீட்டு வைத்தியம். வீட்டில் மீந்த காய்ச்சல் மாத்திரையையும் பழைய ஊசி மருந்தையும் தோராயமாகக் கொடுப்பது வைத்தியம் இல்லை.

சாகப் போகிறது என்று தெரிந்தால் அறுத்துவிடலாமா?

நான்கு மாத உழைப்பு கண் முன்னே போகும்போது இந்த எண்ணம் யாருக்கும் வரும், புரிகிறது. ஆனால் காரணம் தெரியாமல் விழுந்த ஆட்டை அறுக்காதீர்கள், தின்னாதீர்கள், பிறருக்குக் கூறு போடாதீர்கள். அடைப்பான், வெறிநோய் இரண்டுமே அறுப்பவரின் கைக்கே வரும். கருச்சிதைவான குட்டியையும் நஞ்சுக்கொடியையும்கூட வெறும் கையால் தூக்காதீர்கள். அவற்றிலிருந்து மனிதர்களுக்கு மாதக்கணக்கில் விட்டுவிட்டு வரும் காய்ச்சல் தொற்றக்கூடும்.

மருத்துவரிடம் என்ன சொல்ல வேண்டும்?

நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கு 1962 என்ற எண்ணில் கட்டணமில்லாமல் அழைக்கலாம். “ஆடு ஒரு மாதிரி இருக்கிறது” என்பதை மட்டும் சொன்னால் எதிர்முனையில் இருப்பவர் எதையும் முடிவு செய்ய முடியாது. வயது, ஆணா பெண்ணா, சினையா, எத்தனை ஆடுகளுக்கு, எப்போதிலிருந்து, கடைசியாக என்ன தின்றது, காய்ச்சல் எத்தனை டிகிரி, அசை போடுகிறதா, சிறுநீர் போகிறதா, கடைசித் தடுப்பூசியும் புழு மருந்தும் எப்போது என்பவற்றை வரிசையாகச் சொல்லுங்கள். இவற்றை நினைவில் வைத்துக்கொள்ள முடியாது என்பதால் கொட்டில் தூணில் ஒரு நாற்பது பக்க நோட்டைத் தொங்கவிட்டிருக்கிறேன். செவலையின் பக்கத்தில் முதல் வரி, “கடைசிக்கு மூன்றாவது” என்று இருக்கிறது. மருந்து, இரும்புச்சத்து, முருங்கைக் கீரை என்று தேதி வாரியாகச் சில வரிகள். இருபத்து மூன்றாம் நாள் எழுதியது: “காலையில் என்னை இடித்துக்கொண்டு வெளியே போனாள்.”